சாக்சனியில் சனிக்கிழமைகள்

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் ஊரில் பாதிப் பேர் கேட்ட முதல் கேள்வி, பாரிஸுக்கு எப்போது போகப் போகிறாய் என்பதுதான். 2017 அக்டோபரில் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியல் முதுகலை படிக்கச் சேர்ந்த நான், படிப்பு முடிந்து மயிலாடுதுறைக்குத் திரும்பும்வரை பாரிஸைப் பார்க்கவே இல்லை. உடன் படித்த நண்பர்கள் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பத்து நாளில் ஒன்பது நகரங்களைச் சுற்றி வந்து, எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் போன ஊர்களின் பெயரைக் கேட்டால் ஜெர்மானியர்களே ஒரு நொடி யோசிப்பார்கள்.

இதற்குக் காரணம் ரசனை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பணம்தான் காரணம். அப்போது மாணவர் விசா வாங்க ஓராண்டுச் செலவுக்கான 8,640 யூரோவை முன்கூட்டியே ஒரு வங்கிக் கணக்கில் போட்டு முடக்கி வைக்க வேண்டும். அதிலிருந்து மாதம் 720 யூரோ மட்டுமே கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, அரிசி, பருப்பு போக மிச்சம் இருப்பதைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வாங்கிய கடனை நினைத்தால், பாரிஸ் தானாகவே தள்ளிப் போய்விடும். ஆனால் பல்கலைக்கழகம் தந்த மாணவர் அட்டையில் ஒரு வரம் இருந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் கட்டும் கட்டணத்திலேயே பயணச் சீட்டும் அடக்கம். நகரத்தின் டிராம், பஸ் எல்லாவற்றிலும் ஏறலாம் என்பதோடு, சாக்சனி மாநிலத்துக்குள் ஓடும் உள்ளூர் ரயில்கள் எதிலும் தனியாகக் காசு கொடுக்காமல் போய்வரலாம். விரைவு ரயில்களில் மட்டும் ஏறக் கூடாது. சாக்சனி என்பது பரப்பளவில் தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்குதான். அந்த ஏழில் ஒரு பங்கை எத்தனை முறை வேண்டுமானாலும் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கலாம் என்பது, ஊரில் கும்பகோணம் போய்வரக்கூட அப்பாவிடம் காரணம் சொல்ல வேண்டியிருந்த எனக்குப் பெரிய சுதந்திரமாகத் தெரிந்தது.

வார இறுதியில் அறையை விட்டு வெளியேற இன்னொரு காரணமும் இருந்தது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறக்காது. சத்தமும் போடக் கூடாது. போய்ச் சேர்ந்த இரண்டாவது ஞாயிறு காலையில் தேங்காய்ச் சட்னிக்காக மிக்சியை ஓட்டினேன். சட்னி நைசாக அரைபடுவதற்குள் கதவுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு நுழைந்தது. ஜெர்மன் அகராதியை வைத்துக்கொண்டு படித்ததில், இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதை எனக்கு மரியாதையாக நினைவூட்டியிருந்தார்கள் என்று புரிந்தது. அதற்குப் பிறகு அரைக்க வேண்டியவற்றை வெள்ளிக்கிழமை மாலையே அரைத்து வைத்துவிட்டு, சனி விடியலில் புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கிளறி டப்பாவில் அடைத்துக்கொண்டு ரயிலேறுவது வழக்கமாகிவிட்டது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பும் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் மூவர் இருந்தோம். என்னைவிட ஐந்து வயது மூத்த, ஆராய்ச்சி மாணவரான மதுரை அண்ணன் ஒருவர், ஹைதராபாத்திலிருந்து வந்த வகுப்புத் தோழன் ஒருவன், மூன்றாவது நான்.

முதல் பயணத்தைத் தூண்டிவிட்டது அம்மா. அம்மா சிறு வயதில் தரங்கம்பாடியில் படித்தவர். ஒருநாள் தொலைபேசியில், "ஏண்டா, சீகன்பால்கு பொறந்த ஊரு அந்தப் பக்கம்தானாம்ல, பக்கத்துல இருந்தா போய்ப் பாத்துட்டு வாயேன்" என்றார். வரைபடத்தில் தேடியபோது புல்ஸ்னிட்ஸ் என்ற அந்தச் சிற்றூர் டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, காமென்ஸ் போகும் உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் இருந்தது. தமிழில் முதன்முதலாகப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒருவருடைய ஊர், என் மாணவர் அட்டையின் எல்லைக்குள் இருந்தது.

நவம்பர் முதல் வார இறுதியில் போனோம். அது அந்த ஊரின் ஃபெஃபர்கூகன் சந்தை நடக்கும் வார இறுதி என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஃபெஃபர்கூகன் என்பதை அப்படியே தமிழாக்கினால் மிளகுப் பணியாரம் என்று வரும். புல்ஸ்னிட்ஸில் 1558 முதல் இதைச் சுட்டு வருகிறார்கள். ஊர் முழுவதும் கிராம்பும் பட்டையும் தேனும் கலந்த வாசனை. எங்கள் தெருவில் தீபாவளிக்கு முந்தைய நாள் வீசும் வாசனைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். ஒரு கடையில் நின்றிருந்த வயதான அம்மையாரிடம், இதில் மிளகு எவ்வளவு போடுவீர்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் கேட்டேன். மிளகே கிடையாது என்று சிரித்தார். பழைய காலத்தில் கடல் கடந்து வந்த எல்லா மசாலாப் பொருள்களுக்கும் இங்கே பொதுப்பெயர் மிளகுதானாம். மாவையும் தேனையும் பிசைந்து வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஊற வைத்துப் பிறகே சுடுகிறார்கள். முட்டையோ வெண்ணெயோ மாவில் சேர்ப்பதில்லை. அதனால்தான் வீட்டுக்குப் பார்சல் அனுப்பியது மூன்று வாரம் கழித்துப் போய்ச் சேர்ந்தும் கெடாமல் இருந்தது. அப்பா ஒரு கடி கடித்துவிட்டு, "பொருள்விளங்கா உருண்டைதான், வெள்ளைக்காரன் தட்டையா தட்டிருக்கான்" என்று தீர்ப்புச் சொன்னதாக அம்மா சொன்னார்.

அந்த அம்மையாரிடமே சீகன்பால்க் பற்றியும் கேட்டேன். பெயரை நான் தமிழ் நாக்கில் உச்சரித்தது அவருக்குப் புரியவில்லை. தாளில் எழுதிக் காட்டியதும், "ஓ, இந்தியாவுக்குப் போனவர்!" என்றார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். தரங்கம்பாடியை ஜெர்மானியர்கள் அறிந்திருக்கும் டிராங்கேபார் என்ற பெயரால் சொல்லி, அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் என் வீடு என்றேன். அவர் கடையைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, தேவாலயம் வரை எங்களோடு நடந்து வந்தார். வழியில் அதிகம் பேசவில்லை. என் ஜெர்மன் அதற்குமேல் தாங்காது என்று கண்டுகொண்டிருக்க வேண்டும்.

சீகன்பால்க் 1682இல் இந்த ஊரில் தானிய வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தார். டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் ஆணைப்படி கப்பலேறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்து நான்கு கூட நிறையவில்லை. பள்ளிச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதி ஆனா ஆவன்னா கற்றுக்கொண்டார் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை. அங்கிருந்த டேனிஷ் ஆளுநரோடு மோதி, டேன்ஸ்பர்க் கோட்டையில் நான்கு மாதம் சிறையில் கிடந்தார். 1719இல், முப்பத்தாறாம் வயதில் அங்கேயே இறந்து, தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். மதம் பரப்ப வந்தவர் என்ற வகையில் அவரைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆனால் நவம்பர் மாதத்துச் சாம்பல் வானத்தின் கீழ், மூன்று சட்டைக்கு மேல் கம்பளிக் கோட்டும் போட்டும் நடுங்கிக்கொண்டு நின்ற எனக்கு, இந்தக் குளிரில் வளர்ந்த ஒரு பையன் எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தமிழ் இலக்கணம் படித்தான் என்பதை நினைத்தபோது ஒரு சக மாணவன் மேல் வரும் அனுதாபம்தான் வந்தது. வெளிநாட்டு மாணவர் அலுவலகம் கூட அவருக்கு இருந்திருக்காது.

புல்ஸ்னிட்ஸ் முடிந்ததும் ஹாலே மேல் ஆசை வந்தது. சீகன்பால்க் படித்த ஊர் அது. ஆனால் ஹாலே பக்கத்து மாநிலமான சாக்சனி-அன்ஹால்ட்டில் இருக்கிறது. என் அட்டை லைப்சிக்கைத் தாண்டி மாநில எல்லையோடு செத்துவிடும். எஞ்சிய சிறு தொலைவுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தச் சில யூரோக்களுக்காக வசந்தகாலம் வரை தள்ளிப்போட்டேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஹாலேயில் ஆகுஸ்ட் ஹெர்மான் ஃபிராங்கே 1698இல் தொடங்கிய ஆதரவற்றோர் இல்லம் இன்று நீண்ட தெருவைப்போல இருபுறமும் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் வளாகமாக இருக்கிறது. தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களும் சுவடிகளும் பொருள்களும் வந்து சேர்ந்த இடம் இதுதான். தமிழ் அச்செழுத்துகளை வார்த்ததும் இங்கேதான். தமிழ் தெரியாதவர்கள், கடிதத்தில் வரைந்து அனுப்பப்பட்ட எழுத்து மாதிரிகளைப் பார்த்து வார்த்து, 1713இல் கப்பலில் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள். எழுத்து மிகவும் பெரிதாக அமைந்துவிட்டதால் தாள் தின்றது. பிறகு தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு ஈயம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள். அதே சீகன்பால்க், தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஆராய்ந்து 1713இல் ஒரு பெரிய நூலை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்று அதை அச்சிடாமல் வைத்துவிட்டார்கள். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. அனுப்பியவர்களைவிட அனுப்பப்பட்டவருக்கு எங்கள் ஊரைப் பற்றி அதிகம் தெரிந்துவிட்டதன் விளைவு அது என்று நான் நினைக்கிறேன்.

பழைய ஆதரவற்றோர் இல்லத்தின் மேல்மாடத்தில், முதலையும் சங்கும் சிற்பமும் சுவடியும் கலந்து அடுக்கிய பழைய அரும்பொருள் கூடம் ஒன்று இருக்கிறது. வண்ணம் தீட்டிய பதினாறு அலமாரிகளும் பதினெட்டாம் நூற்றாண்டில் செய்தவை. எழுத்துகளுக்கான அலமாரியின் முன் நின்றபோது, கண்ணாடிக்குப் பின்னால் பனையோலை ஒன்று தெரிந்தது. தமிழ் எழுத்து. மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்தேன். கண்காணிப்பாளர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அருகில் வந்து, "உங்களால் படிக்க முடிகிறதா?" என்று கேட்டார். முடியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஓலையில் புள்ளி கிடையாது. 'க' என்று இருப்பது 'க்' ஆகவும் இருக்கலாம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே மாதிரி. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. ஐந்து நிமிடம் முயன்று மூன்று சொற்களைப் பிடித்தேன், அதில் ஒன்று சந்தேகம். "கொஞ்சம்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். தமிழ் தெரியாதவர்கள் வார்த்த எழுத்தைப் பற்றிக் கீழே சிரித்துவிட்டு வந்தவன், மேலே தமிழ் ஓலையைப் படிக்க முடியாமல் நின்றேன்.

எல்லாப் பயணங்களும் இப்படித் திட்டமிட்டு நடந்தவை அல்ல. ஒரு முறை கெர்லிட்ஸ் போக வேண்டும் என்று கிளம்பினோம். நைசே ஆற்றின் இக்கரையில் ஜெர்மனி, அக்கரையில் போலந்து என்று இரண்டாகப் பிரிந்த ஊர் அது. டிரெஸ்டனில் ரயிலேறியதும் இடம் கிடைத்த பெட்டியில் உட்கார்ந்து, மதுரை அண்ணன் திறந்த எலுமிச்சைச் சாதத்தில் மூழ்கிவிட்டோம். அந்த ரயில் பிஷோஃப்ஸ்வெர்டா என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும். முன்பாதி ஒரு ஊருக்கும் பின்பாதி இன்னொரு ஊருக்கும் போகும். அறிவிப்புச் செய்திருப்பார்கள், நிச்சயம் செய்திருப்பார்கள். மூவரும் அப்போது கோங்குராத் தொக்கா, ஆவக்காயா எது உசத்தி என்ற வாதத்தில் இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே மலைகள் அதிகமாகத் தெரியத் தொடங்கியபோதுதான் ஹைதராபாத் நண்பனுக்குச் சந்தேகம் வந்தது. எதிரே இருந்த பெரியவரிடம் கேட்டோம். "இது சிட்டாவ் போகிறது" என்றார். பிறகு எங்கள் டப்பாவைப் பார்த்து, "நல்ல வாசனை" என்று சேர்த்துக்கொண்டார்.

சிட்டாவ் எங்கள் பட்டியலில் இல்லாத ஊர். ஜெர்மனி, போலந்து, செக் மூன்று நாடுகளும் தொட்டுக்கொள்ளும் மூலையில் இருக்கிறது. வேறு வழியின்றி இறங்கி நடந்தபோது, திருச்சிலுவைத் தேவாலயத்தில் பழைய துணி ஒன்று காட்சிக்கு இருப்பதாக அறிவிப்புப் பலகை சொன்னது. துணியைப் பார்க்கக் காசு கொடுத்து உள்ளே போவதா என்று யோசித்துவிட்டு, வெளியே தூறலாக இருந்ததால் போனோம். இருட்டான கூடத்தில், 8.20 மீட்டர் உயரமும் 6.80 மீட்டர் அகலமும் கொண்ட ஒரே லினன் திரை. 1472இல் தீட்டியது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக் காலத்தில் பலிபீடத்தை மக்கள் கண்ணிலிருந்து மறைக்கத் தொங்கவிடும் திரை அது. வரிசைக்கு ஒன்பதாகப் பத்து வரிசை, ஆக மொத்தம் தொண்ணூறு கட்டங்களில், உலகைப் படைத்தது முதல் இறுதித் தீர்ப்பு வரை படங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வேதாகமம். பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது, தேர்த் திருவிழாவில் தொங்கும் கலம்காரித் தொம்பைகளும் திரைச்சீலைகளும்தான். கட்டம் கட்டமாகக் கதை சொல்லும் அதே முறை, கட்டத்துக்குக் கீழே அதே போல ஒரு வரி எழுத்து.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் பக்கத்து மலையில் பத்திரப்படுத்தியிருந்த அந்தத் திரையைக் கண்டெடுத்த சோவியத் சிப்பாய்கள், அதைத் துண்டுகளாக வெட்டி, காட்டில் தாங்கள் அமைத்த நீராவிக் குளியலறைக்குச் சுவராகக் கட்டினார்கள். நீராவி பட்டுப் பல இடங்களில் சாயம் வெளுத்துவிட்டது. அந்த வெளுத்த பகுதிகளில் புதிதாகப் படம் எழுதி நிரப்பாமல் அப்படியே விட்டு, சுவிட்சர்லாந்தில் கவனமாகச் செப்பனிட்டு, 1999 முதல் இங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். வெளுத்த இடத்தைப் பார்க்கும்போது, யாரோ ஒரு களைத்துப்போன சிப்பாய் போர் முடிந்து முதன்முறையாகச் சுடுநீரில் குளித்திருப்பான் என்ற எண்ணமும் வராமல் இல்லை. ரயில் மாறி ஏறியதற்காகப் பிறகு நாங்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவில்லை.

கெர்லிட்ஸுக்கு இரண்டு வாரம் கழித்து, சரியான பாதியில் ஏறிப் போனோம். அழகான ஊர். பதினைந்தாவது தீர்க்கரேகை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. மத்திய ஐரோப்பிய நேரம் முழுக்க அந்தக் கோட்டைக் கணக்கில் கொண்டதுதான். 2004இல் திரும்பக் கட்டித் திறந்த நடைபாலத்தில் பத்து நிமிடம் நடந்து போலந்தில் கொழுக்கட்டை போன்ற பியெரோகி தின்றுவிட்டுத் திரும்பினோம். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை என்பதில் ஹைதராபாத் நண்பனுக்கு ஒரு சின்ன ஏமாற்றம். பிராக், பெர்லின், வியன்னாவுக்கும் மலிவான பஸ்களில் போனேன். நல்ல நகரங்கள்; அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

எனக்கு மனத்தில் நிற்பது எல்பே ஆறு. டிரெஸ்டனிலிருந்து உள்ளூர் ரயிலில் ஆற்றோரமாகவே மேல்நோக்கிப் போனால் முக்கால் மணி நேரத்தில் மணற்பாறை மலைகள் தொடங்கிவிடும். ராத்தென் என்ற ஊரில் இறங்கி அக்கரை போக ஒரு படகு. அந்தப் படகுக்காகவே நான் நான்கு முறை அங்கே போயிருக்கிறேன். அதை ஓட்ட எஞ்சின் வேண்டாம், துடுப்பு வேண்டாம். ஆற்றின் மேற்பகுதியில் நடுநீரில் நங்கூரமிட்ட நீண்ட வடத்தில் படகைக் கட்டியிருக்கிறார்கள். படகோட்டி படகைச் சற்றே சாய்த்து நிறுத்துகிறார். ஓடிவரும் நீர் சாய்ந்த பக்கத்தில் மோதி, கடிகாரத்தின் ஊசலைப் போல முழுப் படகையும் அக்கரைக்குத் தள்ளிவிடுகிறது. திரும்பி வர மறுபக்கம் சாய்த்தால் போதும். கொள்ளிடத்தில் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளும் பரிசல்காரர் பார்த்தால், இத்தனை நாள் ஏமாந்துவிட்டோமே என்றுதான் சொல்லியிருப்பார். அக்கரையில் ஏறினால் ஆற்றிலிருந்து 194 மீட்டர் உயரத்தில் பாஸ்டை பாறைகளும், 1851இல் கட்டிய கல்பாலமும். எல்லோரும் மேலே நின்று கீழே பார்ப்பார்கள். நான் கீழே நிற்கும் படகைத் தேடுவேன்.

வகுப்பில் எல்பே எங்களுக்குப் பாடமாகவும் இருந்தது. 2002 ஆகஸ்ட் 17 அன்று டிரெஸ்டன் அளவுகோலில் நீர் 9.40 மீட்டரைத் தொட்டது. அதற்கு முந்தைய உச்சம் 1845இன் 8.77 மீட்டர். கரையோர ஊர்களில் வீட்டுச் சுவர்களிலேயே கோடு போட்டு ஆண்டை எழுதி வைத்திருக்கிறார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே இருக்கும். ஆனால் 2018 கோடையில் ஆறு வேறு முகம் காட்டியது. மாதக்கணக்கில் மழை இல்லை. நகரத்தின் பெருமையான பழைய துடுப்புச் சக்கரக் கப்பல்கள் பல பகுதிகளில் ஓட முடியாமல் நின்றன. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் சனிக்கிழமை. மதுரை அண்ணன் விடவில்லை. "ஆத்தங்கரை இருக்கு, சித்ரான்னம் இருக்கு, வேற என்ன வேணும், வா தம்பி" என்று பிர்னாவுக்கு இழுத்துப் போனார். புளிசாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். பெருக்கைக் கொண்டாட வந்த எங்களுக்கு முன்னால் கூழாங்கல் வெளுத்துக் கிடந்தது. தண்ணீரில் கை நனைக்கக் கரையிலிருந்து வெகுதூரம் இறங்க வேண்டியிருந்தது.

அந்த மாதக் கடைசியில்தான் பசிக்கல் வெளியே தெரிகிறது என்று செய்தி வந்தது. எல்லைக்கு அப்பால் செக் நாட்டின் தெச்சின் நகரில், எல்பே ஆற்றுப் படுகையில், கடும் வறட்சியில் மட்டும் தலைகாட்டும் பாறை அது. எங்கள் அட்டை ஷோனா என்ற எல்லை ஊர்வரை செல்லும். ஆகஸ்ட் 25, சனிக்கிழமை, ஷோனாவில் இறங்கி அங்கிருந்து இடக்கரையின் சைக்கிள் பாதையில் நடந்தே போவதென்று முடிவெடுத்தோம். மூன்று மணி நேர நடை. ஒருபுறம் ரயில் தண்டவாளம், மறுபுறம் இளைத்துப்போன ஆறு. நாட்டின் எல்லை எங்கே கடந்தது என்பதுகூட, கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியால்தான் தெரிந்தது.

பாலத்துக்குப் பக்கத்தில், கரைச் சுவருக்குக் கீழே அந்தக் கல் கிடந்தது. எங்களைப் போலப் பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருப்பார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கல்லில் ஆண்டுகள் வெட்டியிருந்தன. 1417, 1473 என்றெல்லாம் பழைய ஆண்டுகள் இருந்ததாகச் சொல்வார்கள். அவை நங்கூரச் சங்கிலிகள் உரசித் தேய்ந்துவிட்டன. இன்று படிக்க முடிகிற பழைய ஆண்டு 1616. அதன்பின் 1707, 1746, 1790 என்று வறட்சிகளின் வரிசை. அவற்றுக்கு நடுவே ஜெர்மன் மொழியில் ஒரே வரி: நீ என்னைக் கண்டால் அழு. நீர் இவ்வளவு இறங்கினால் படகு ஓடாது, ஆலை ஓடாது, விளையாது, பசிதான் என்று பொருள். பின்னாளில் 1938இல் ஒருவர் செக் மொழியில் கீழே பதில் வெட்டியிருக்கிறார்: அழாதே பெண்ணே, புலம்பாதே, காய்ந்தால் வயலுக்கு நீர் தெளி. இரண்டு பருவத்தில் படித்த எல்லா நீரியல் சூத்திரங்களும் இந்த இரண்டு வரிக்குள் இருந்தன என்று மதுரை அண்ணனிடம் சொன்னேன். அவர் இரண்டாவது வரியை எழுதியவன் பம்புசெட் வைத்திருந்திருப்பான் என்றார்.

கல்லின் மேல் நின்றபடியே வீட்டுக்குக் காணொளி அழைப்புப் போட்டேன். அப்பா எடுத்தார். ஆற்றைக் காட்டினேன், கல்லைக் காட்டினேன், எழுதியிருந்ததை மொழிபெயர்த்துச் சொன்னேன். அப்பா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே அந்த வருடம் ஜூலையிலேயே மேட்டூர் அணை 120 அடியை எட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மூன்று நாளுக்கு முன், 22ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்தின் மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டிருந்தன.

"கொள்ளிடத்துல கரை கொள்ளாம போகுது, அவ்வளவும் கடலுக்கு" என்றார் அப்பா. "நம்ம வாய்க்கால்ல இன்னும் தண்ணி வரல. கடைமடைக்கு எப்ப வருமோ, நாத்து விடறதா வேணாமான்னு தெரியல." பிறகு, "அந்தக் கல்ல இன்னொரு தடவ காட்டு" என்றார்.

கைப்பேசியைக் கீழே இறக்கி, 1616க்கு நேராகப் பிடித்தேன்.